தெபாவின் குரலை விட்ட தவக்காலம்

எங்கள் அபயாங் தீவில் வெள்ளிக்கிழமை இறைச்சியைத் தவிர்ப்பதெல்லாம் ஒரு ஒறுத்தலா? என்றைக்கும் சூரை மீன்தானே. அதனால் தவக்காலத்துக்கு ஆளாளுக்கு வேறு எதையாவது விடுவார்கள். இந்த வருஷம் மாதர் சங்கத்தில் ஒருத்தி சீனி என்றாள், ஒருத்தி புகையிலை என்றாள். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "நான் தெபாவோட ஞாயித்துக்கிழமை ஃபோனை விடுறேன்" என்றேன்.

தெபாவ் என் புருஷன். ஆஸ்திரேலியாவில் இறைச்சி ஆலையில் வேலை, இது மூன்றாம் வருஷம். ஞாயிறு மட்டும்தான் லீவு. அவர் புராட்டஸ்டன்ட். எங்கள் நோன்பு என்றாலே கேலி.

ஃபோனில் விஷயத்தைச் சொன்னதும், "நான் என்ன சீனியா, புகையிலையா?" என்றார்.

"சீனின்னா சுலபமா விட்டிருப்பேனே. ஈஸ்டர் வரைக்கும் பொறுத்துக்கங்க."

"எதையாவது விட்டாத்தான் உங்க ஆளுங்களுக்கு மோட்சமாக்கும்! போடி" என்று வைத்துவிட்டார்.

முதல் ஞாயிறு வீம்பில் போனது. இரண்டாவதில், அவர் இருமுவதைக் கேட்டால்கூடப் போதும் என்றிருந்தது. முன்பெல்லாம் மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்று அவர் கேட்பார். நான் மீன் செதில் உரித்தபடி 'ம்' கொட்டுவேன். பாவி நான்.

நாலாம் ஞாயிறு, பூசை முடிந்ததும் சாமியாரிடம் அழுதேவிட்டேன். அவர் திகைத்தார்.

"ஞாயித்துக்கிழமை நோன்பு நாளே இல்லையேம்மா. ஆண்டவர் உயிர்த்த நாளாச்சே! நாப்பது நாள்ல அது சேராது. நீ எல்லா வாரமும் பேசியிருக்கலாம்."

தலையில் அடித்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் கடற்கரைக்கு ஓடினேன். அவருடைய ஃபோனை, அவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் மிகாயேரே என்ற பையன் எடுத்தான்.

"அண்ணன் இல்லையே, அண்ணி. ஞாயித்துக்கிழமையும் வேலை கேட்டு வாங்கிட்டாரு. உங்ககிட்ட பேசுற நேரத்துல சும்மா உக்கார முடியலையாம். ஃபோனைக்கூட எடுத்துட்டுப் போறதில்ல."

"சாப்பிடுறாரா?"

"ஞாயித்துக்கிழமை கொண்டுபோற மத்தியானச் சோத்தைத் தொடாம அப்படியே திருப்பிக் கொண்டுவர்றாரு. கேட்டா, 'வீட்டுல நோன்பு'ங்கறாரு."

கேலி செய்த மனுஷன்! என் நோன்புதான் நாள் தெரியாத நோன்பு. அவருடையதை ஆண்டவர் தள்ளுவாரா?

"அண்ணி? வச்சிடவா?"

"வைக்காதீங்க தம்பி. அப்படியே அவர் கட்டில் மேல போட்டுட்டுப் போங்க."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான். அங்கே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பாலன்ஸ் தீரும்வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.