மடி கொடுத்தவன்

அன்று அந்த ஐயனார் கோயில் மரத்தடியில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: உடையப்பனாகிய நான், என் மனைவி அழகம்மாள், எங்கள் மகன் வெள்ளைச்சாமி, மகள் தெய்வானை, அவள் கணவன் அடைக்கலம், அவர்களுடைய கைக்குழந்தை, என் பெரியப்பா மகன் குழந்தைசாமி அண்ணன், காது குத்த வந்த மாணிக்கம் ஆசாரி, பிந்தி வந்த என் மைத்துனன் நாகராசு, அவனோடு வந்த செவந்தி, வள்ளிக்கண்ணு என்ற இரண்டு சிறுமிகள், கோட்டைப்பட்டினத்துத் தோணிக்காரர் இன்னாசி. பூசாரி பொங்கலை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். வேறு ஒருவரும் இல்லை. 'நானும் அங்கேதான் இருந்தேன்' என்று சொல்லித் திரிகிறவர்களின் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது. அத்தனை பேருக்கும் அன்று இலை போட்டிருந்தால் எங்கள் அரிசி காணாது.

ஐம்பத்து மூன்றாம் ஆண்டு அது. மழை பொய்த்துக் கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. மேற்கே கந்தர்வக்கோட்டைப் பக்கத்துச் சனங்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் பிழைப்புத் தேடி அலைந்தார்கள். இலங்கைக்குப் போக அப்போதே பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். காகிதம் இல்லாதவர்கள் பொழுது சாய்ந்ததும் கோட்டைப்பட்டினத்தில் தோணி ஏறினார்கள். பெரியவர்கள் தாமாகப் போனார்கள். பிள்ளைகளை யாராவது கொண்டுபோனார்கள்.

எங்கள் குலதெய்வக் கோயில் பட்டினத்துக்குப் போகும் ரோட்டின் மேலேயே இருக்கிறது. பேரனை அவன் தாய்மாமன் வெள்ளைச்சாமி மடியில் வைத்துக் காது குத்தி முடித்து, பந்திக்கு இலை போடுகிற நேரம். பஸ்ஸிலிருந்து நாகராசு இறங்கி வந்தான். என் மனைவியின் தம்பி. என் மக்கள் இருவருக்கும் காது குத்தியது அவன் மடியில்தான். ஆகவே அவனுக்கு எங்கள் வீட்டில் முதல் இலை. அவன் பின்னால் ஒரே துணியில் தைத்த புதுப் பாவாடை கட்டிய இரண்டு சிறுமிகள். மூத்தவளுக்கு ஒன்பது வயது இருக்கும்.

"யாரு மாப்ளே புள்ளைக?" என்றேன்.

"நம்ம புள்ளைகதான் அத்தான். எனக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மக்க. அப்பன் செத்துப் போச்சு. யாழ்ப்பாணத்துல நமக்கு வேண்டியவுக வீட்டுல விட்டா வயிறாரச் சாப்பிடும். தாய்மாமன் நான் பாக்காம வேற யாரு பாப்பா?"

என் மனைவி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பிறந்த வீட்டில் அவளுக்குத் தெரியாத ஒன்றுவிட்ட தங்கை யார்? பிள்ளைகளுக்கு இலை போட்டாள். அவர்கள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்துத் தெய்வானை மறுபடியும் மறுபடியும் சோறு வைத்தாள். அப்போது மூத்தவள் தலைமுடியை ஒதுக்கினாள். காது மூளியாக இருந்தது. சின்னவளுக்கும் அப்படியே. அந்த வயதில் காது குத்தாத பெண்பிள்ளையை எங்கள் பக்கம் பார்க்க முடியாது.

"ஒனக்கு ஏந்தா இன்னும் காது குத்தலை?" என்று மூத்தவளைக் கேட்டேன்.

"எங்க ஆத்தாவுக்கு அண்ணன் தம்பி யாருமில்லைங்க. மடியில வைக்க ஆளில்லைன்னு குத்தலைங்க" என்றாள் செவந்தி, சோற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சின்னப் புள்ளை, அதுக்கு என்ன தெரியும்?" என்று நாகராசு சிரித்தான். "அத்தான், வெரசா முடிங்க. தோணிக்காரரு வந்துட்டாரு பாருங்க."

இன்னாசி அங்கே மர வேரில் உட்கார்ந்திருந்தார். அழைத்தும் பந்திக்கு வரவில்லை. நான் அவரிடம் போனேன்.

"என்ன இன்னாசி, புள்ளைகளை ஏத்துறது ஒனக்கு நல்லாருக்கா?"

"ஐயா, போன தடவை இவரு ஒரு பயலைக் குடுத்தாரு. அங்கிட்டு கரையில வாங்க வந்தவன் அந்தப் பயலோட வாயத் தொறந்து பல்லைப் பிடிச்சுப் பாத்தான், மாட்டுக்குப் பாக்குற மாதிரி. அன்னைக்கே சொல்லிட்டேன், இனிமே சொந்தக்காரன் வந்து ஏத்துனாத்தான் ஏத்துவேன்னு. இதுக்குத் தாய்மாமன்னு சொன்னாரு. மாமன் சொல்லுக்கு நான் என்னத்தைப் பேச?"

நான் திரும்பி வந்தேன். குழந்தைசாமி அண்ணனுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது. என் கையைப் பிடித்தார்.

"உடையப்பா, கண்டுக்காத. ஒன் பொண்டாட்டி தம்பி. இது வெளியில போனா நம்ம வீட்டுக்குத்தான் அசிங்கம். சாப்பாடு முடியட்டும், அது அது வழிக்குப் போகட்டும்."

"பொய் உறவு சொல்லிப் புள்ளை புடிக்கிறவன் நம்ம பந்தியில ஒக்காந்து கை கழுவிட்டுப் போறானே, அது அசிங்கமில்லையாண்ணே?"

நாகராசு எழுந்துவிட்டான். "வார்த்தைய அளந்து பேசுங்க அத்தான். நான் அந்தப் புள்ளைகளுக்கு மாமன். கேக்க நீங்க யாரு?"

நியாயமான கேள்வி. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் ஒரு முடிவு சொன்னால் மற்றவன் குறுக்கே பேச முடியாது. போலீஸ் இருக்கும் இடம் தூரம். அவர்கள் வருவதற்குள் தோணி பாதிக் கடல் போயிருக்கும். அந்தப் பேச்சோடு நான் நின்றிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

அப்போது என் மனைவி பேசினாள். பேரனுக்கு வைத்த தாம்பாளத்தை, தேங்காய் வெற்றிலையோடு அப்படியே எடுத்துவந்து தம்பியின் முன்னால் வைத்தாள்.

"சரிடா. நீ மாமன். ஆசாரி இருக்காரு, கோயில் இருக்கு, தட்டும் இருக்கு. காது மூளியாவா அக்கரைக்கு அனுப்புவ? ஒக்காந்து மடியக் காட்டு. குத்திட்டுக் கூட்டிட்டுப் போ."

"இப்ப எதுக்குக்கா அதெல்லாம்?"

"என் மக்களுக்குக் காட்டுன மடிதானே? இவளுகளுக்குக் காட்டுனா தேஞ்சு போயிருமா? இல்ல, நாளைக்கு ஒன் மகனுக்கு இவ முறைப்பொண்ணு ஆயிருவான்னு பயமா இருக்கா?"

அதுதான் அவனைச் சுட்டது. "என்னக்கா பேசுற! என்ன ஆளுகன்னே தெரியாத கழுதைகளை நான் மடியில தூக்கி வைக்கவா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே தெரிந்தது. ஆசாரி குனிந்து தன் ஊசியைத் துடைத்தார். மரத்தடியில் இன்னாசி எழுந்து நின்றார்.

வாயால் மாமன் ஆவான், மடியால் ஆகமாட்டான். பிள்ளையை விற்கத் துணிந்தவனுக்குத் தன் வேட்டியின் சுத்தம் பெரிதாகப் போயிற்று.

நான் துண்டை உதறிப் போட்டுக் கிழக்கே பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். "வாத்தா செவந்தி."

"உடையப்பா!" அண்ணன் கத்தினார். "புத்தி கெட்டுப் போச்சா? யாரு எவருன்னு தெரியாம முறை கொண்டாடுவியா? பங்காளிக நாங்க ஒன் வீட்டுல கை நனைக்க மாட்டோம்."

"நனைக்காதீங்கண்ணே. இலை மிச்சம்."

"அத்தான், இந்தக் காரியத்தைப் பண்ணீங்கன்னா அக்காவுக்குப் பொறந்த வீடு இல்லைன்னு ஆயிரும்" என்றான் நாகராசு. பதில் சொல்ல வேண்டியவள் அவள். அழகம்மாள் செவந்தியின் தோளைப் பிடித்துக் கொண்டுவந்து என் மடியில் உட்காரவைத்தாள். பதில் அதுதான்.

ஒன்பது வயதுப் பிள்ளை மடிக்குப் பெரிது. கால் இரண்டும் தரையில் கிடந்தன. "என்கிட்ட தங்கம் இல்லீங்க, செம்புக் கம்பிதான் இருக்கு" என்றார் ஆசாரி. "குத்துங்க, தங்கம் பின்னால வரும்" என்றேன். செவந்தி என் முழங்காலை நகம் பதியப் பிடித்தாள், ஆனால் சத்தமே போடவில்லை. வள்ளிக்கண்ணு இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள். என் மேல்துண்டைக் கடித்துக் கிழித்தே விட்டாள். வெள்ளைச்சாமி தேங்காயை உடைத்தான்.

இன்னாசி பக்கத்தில் வந்தார். "இப்ப இந்தப் புள்ளைகளுக்கு மாமன் யாருங்கய்யா?"

"நான்."

"ஏத்தச் சொல்றீங்களா?"

"சொல்லலை."

"அப்ப எனக்கு இங்க சோலி இல்லை" என்றார். நாகராசைப் பார்த்து, "ஒங்க ஆளு யாரையும் இனிமே என் தோணிக்குக் கூட்டியாராதீங்க. மத்த தோணிக்காரவுககிட்டயும் சொல்லிப்புடுவேன்" என்றார். பிறகு வந்து இலையில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். நாகராசு வடக்கே போகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினான். சாப்பாட்டைப் பாதியில் விட்டுப் போனான் என்பதைத் தவிர அவனுக்கு நான் செய்த கெடுதல் ஒன்றுமில்லை.

மறுநாள் நானும் அழகம்மாளும் பிள்ளைகளைக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் கூட்டிப்போனோம். தாய் ராசாத்தி முந்திரித் தோப்பில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். புதுக்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகச் சொல்லித்தான் நாகராசு கூட்டிப் போயிருக்கிறான். அவள் முதலில் பார்த்தது பிள்ளைகளின் காதுகளை. பிறகு என்னை. "யாரு மடியிலங்க வச்சுக் குத்துனீங்க?" என்று கேட்டாள். "என் மடியில, தங்கச்சி" என்றேன். அவள் சுள்ளிக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து பங்காளிகள் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. என் மனைவிக்குப் பிறந்த வீட்டுப் பொங்கல்சீர் வரவில்லை. நான் ராசாத்திக்கு அண்ணன் சீர் கொண்டுபோனது ஓர் ஆண்டும் தவறவில்லை. பிள்ளைகள் காதுக்குத் தங்கத் தோடும் போட்டாயிற்று. இவ்வாண்டு வைகாசியில் செவந்திக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர்த்தட்டு தூக்கி, கொட்டு மேளத்தோடு, குழந்தைசாமி அண்ணன் வீட்டு வாசல் வழியாகத்தான் போனேன். வேறு வழியும் இருந்தது.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. அந்த இரண்டு பெண்களும் நான் வெளியே பெற்ற பிள்ளைகள், அந்தப் பாசத்தில்தான் அன்று தோணியை மறித்தேன் என்கிறார்கள். அது பொய். பெற்றவன் மடியில் வைத்துக் காது குத்துகிற வழக்கம் எங்களில் கிடையாது. நான் அவர்களுக்குத் தாய்மாமன்.