யார் வீட்டில் இருப்பது?

அத்தான் தவசிமுத்துவுக்கு ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம். ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, அக்கா பரிபூரணத்தையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்கு வந்தார். கையில் ரயில் அட்டவணை. எல்லோரும் மலைக்குப் போவதென்று தீர்மானித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"மாப்ளே, நீ சிரிச்சு எட்டு மாசமாச்சு. புள்ளையும் உன்னப் பாத்து அப்படியே ஆயிட்டு வருது. கொடைக்கானலுக்குப் போறோம்."

என் மனைவி கிருபாபாய் காலமாகி எட்டு மாதம். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். சரி என்றேன்.

அத்தான் அட்டவணையைப் பாயில் விரித்தார். வண்டியில் சாத்தூர் போய், அங்கே ரயிலேறி அம்மையநாயக்கனூரில் இறங்க வேண்டுமாம்.

"ரயிலு மலைமேல ஏறுமா?" என்றாள் அக்கா.

"அது எப்படி ஏறும்? அங்கிருந்து ராத்திரி பூரா மாட்டுவண்டி. காலையில டோலி. நாலு ஆளு தூக்கிட்டுப் போவான்."

"உங்களையா? நாலு ஆளா?"

அத்தான் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். "எட்டு ஆளு வப்போம்."

"எட்டுப் பேரு பாவம் நமக்கெதுக்கு? குத்தாலத்துல சாரல் விழுந்தாச்சு. வில்வண்டியில ஏறுனா அங்கன போயி இறங்கலாம்."

குற்றாலம் என்று முடிவாயிற்று. அத்தான் அட்டவணையை வருத்தத்தோடு மடித்தார். செவ்வாய்க்கிழமை விடியற்காலம் புறப்பட்டு முதல் தங்கல் சேத்தூர், அடுத்தது புளியங்குடி, மூன்றாம் நாள் அருவி. அங்கே மூன்று நாள். போக வர எல்லாம் எட்டு நாள். நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், நான் கேட்டு முடிப்பதற்குள் லீவு கொடுத்தார். எல்லோரும் அப்போது எனக்கு எதையும் உடனே கொடுத்துவிடுவார்கள்.

என் மகள் சாராளுக்கு ஆறு வயது. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"யாரு வீட்ல இருப்பா?"

"யாரும் இல்ல ஆத்தா. பூட்டிட்டுப் போறோம்" என்றாள் அக்கா.

"பூட்டக் கூடாது."

வீட்டில் வளர்த்த ஆட்டை நினைத்துச் சொல்கிறாள் என்று எண்ணினோம். ஆட்டைப் பக்கத்து வீட்டுக் காசிராஜன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கோழிகளையும் ஒப்புக்கொண்டார். அவள் மறுபடியும் பூட்டக் கூடாது என்றாள். மூன்று நாளும் அதையே சொன்னாள். நான் ஏனென்று கேட்கவில்லை. கேட்பதற்கு அலுப்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வண்டி வந்தது. மூட்டைகள் ஏறின, அத்தான் ஏறினார்.

"மொதலாளி, கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க. மாடு ரெண்டும் அந்தரத்துல தொங்குது" என்றான் வண்டிக்காரன் சோலைச்சாமி.

"ஏலே, உன் மாட்டுக்குத் தீனி போட்டு வளத்தா தொங்காது."

நான் கதவைச் சாத்தினேன். சாராள் வந்து கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். அக்கா கொஞ்சினாள், மிரட்டினாள், கருப்பட்டி மிட்டாய் காட்டினாள். அவள் நகரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் நான் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"ஏன் பூட்டக் கூடாது?"

"அம்மா முழிச்சு வந்தா கதவு பூட்டியிருக்குமே."

கிருபாபாயின் கல்லறைக் கல்லில் 'இயேசுவுக்குள் நித்திரையடைந்தாள்' என்று வெட்டியிருந்தது. எங்கள் சபையில் எல்லாக் கல்லிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகும்போது சாராளுக்கு அதில்தான் எழுத்துக்கூட்டப் பழக்கினேன். நித்திரை என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டாள். தூக்கம் என்றேன். வாத்தியாரின் பதில். பொருளில் பிழையில்லை.

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "கண்ணு, அம்மா கடைசி நாள்ல எந்திரிப்பா. கர்த்தர் எக்காளம் ஊதி எழுப்புவாரு."

"அது என்னைக்கு? எட்டு நாளைக்குள்ளயா?"

சாராள் என்னைப் பார்த்தாள். ஊரில் எல்லோரும் என் வீட்டில் நடந்ததற்கு நல்ல நல்ல சொற்களாகத் தேடிச் சொன்னார்கள். நானும் அவற்றையே சொல்லிக்கொண்டிருந்தேன். நேரான சொல் எட்டு மாதமாக என் வாயில் வந்ததில்லை.

"அம்மா தூங்கல. செத்துப்போயிட்டா."

"கோழி செத்துச்சே, அது மாதிரியா?"

"ஆமா."

"ஏலே!" என்றாள் அக்கா.

"முழிக்க மாட்டாளா?"

"மாட்டா. நம்ம வீட்டுக்கு வரமாட்டா."

சாராள் அழுதாள். இத்தனை நாள் அவள் அழாததை, புரிந்துகொண்ட பிள்ளை என்று எல்லோரும் மெச்சியிருந்தோம். தூங்குகிறவளுக்காக யார் அழுவார்கள்? நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். அத்தான் வண்டியிலிருந்து இறங்கி மறுபக்கம் திரும்பி நின்றார். சோலைச்சாமி யாரும் சொல்லாமலே மாடுகளை அவிழ்த்து நிழலில் கட்டினான்.

கட்டுச்சோற்றை வீட்டிலேயே தின்றோம். உச்சிப்பொழுதுக்குப் பிறகு புறப்பட்டோம். நான் கதவைப் பூட்டும்போது சாராள் வண்டியில் இருந்தாள்.

ராஜபாளையம் தாண்டியதும் அவளுக்குக் கண் சொருகியது. தலை சாய்வதும் திடுக்கிட்டு நிமிர்வதுமாக இருந்தாள். அக்கா மடியில் படுக்கச் சொன்னாள். அவள் மாட்டேன் என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நான் தூங்கலாமா?"

அவள் என்ன கேட்கிறாள் என்று இந்தத் தடவை எனக்கு உடனே விளங்கியது.

"தூங்கு. நான் எழுப்புறேன்."

"எங்க வச்சு?"

"சேத்தூர்ல."

சட்டையை விடாமலே தூங்கிப்போனாள். எனக்குக் கால் மரத்தது, அசைக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் வண்டி சேத்தூரில் நின்றது.

"பாவம், தூங்கட்டும். தூக்கிட்டுப் போயிருவோம்" என்றார் அத்தான்.

வேண்டாம் என்று சொல்லி எழுப்பினேன்.

எழுந்தாள்.