குடை பிடித்த சாமுராய்

நரிக்காரியைக் கையில் எடுத்த மாமனார், வழக்கம்போல் அவளைப் பாலத்தருகிலிருந்து பின்வாங்க வைக்கப் போனார். இன்றைக்கு ஜெயிக்க வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கட்டைவிரல் உயரமே உள்ள பொம்மை அது: பழைய ஜப்பானில் பெண்ணுருவம் எடுத்துத் திரிந்த மந்திர நரி, முதுகுக்குப் பின்னால் விசிறியாக ஒன்பது வால். சாப்பாட்டு மேசைமேல் விரித்திருந்த நீலத் துணிதான் ஆறு. ஆற்றுக்குக் குறுக்கே ஐஸ்குச்சிகளை ஒட்டிச் செய்த பாலம். இந்தக் கரையில் அவள் தலைமையில் மாமனாரின் சாமுராய்கள். அந்தக் கரையில் சிவந்த முகமும் கொம்புமாக ஒரு பூதம், அதன் பின்னால் மாப்பிள்ளையின் படை. ஆட்டம் முடியும்போது பாலம் யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு வெற்றி.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான புதிதில், பேச ஒன்றும் அகப்படாமல் இரண்டு பேரும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரம், அவர் இந்தப் பொம்மைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் கடுகளவு திருகாணிகளோடு மல்லுக்கட்டுகிற மாமனாருக்குப் பார்த்ததுமே கை பரபரத்தது. தனக்கென்று ஒரு படை வாங்கி, ஒவ்வொருவனுக்கும் உட்கார்ந்து புருவம் வரைந்தார். ஈட்டி ஒடிந்துபோன ஒருவனுக்கு, பழைய கண்ணாடியின் கம்பியையும் மூக்கில் பதிகிற வில்லையையும் ஒட்டி ஒரு குடை செய்து கொடுத்தார். படையிலேயே அவருக்குச் செல்லப்பிள்ளை அவன்தான்.

ஆட்டம் என்று வந்தால்தான் வினை. வீடு தேடி வந்த மாப்பிள்ளையைத் தோற்கடித்து அனுப்புவதா என்று இவர் பின்வாங்குவார். பெண்ணைக் கொடுத்தவரை ஜெயித்தால் மரியாதையாக இருக்குமா என்று அவர் இன்னும் பின்னால் போவார். "நீங்க வாங்க மாமா." "இல்ல மாப்பிள்ளை, நீங்க வாங்க." விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்பார்கள். வாஸ்தவம்தான், ஆனால் ஆட்டம் முடியாது. இரண்டு படைகளும் மேசையின் இரண்டு விளிம்பிலும் விழுந்துவிடுகிற மாதிரி நிற்க, "இது சண்டையா, உபசாரமா?" என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

இன்றைக்குப் பந்தயம் கட்டியதும் அவள்தான். அம்மா போன பிறகு அப்பா இந்த மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். போன மாதம் படியில் வழுக்கி முழங்கால் வீங்கியதை மறைத்துக்கொண்டு, நொண்டி நொண்டிக் கடைக்கும் போய்வந்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் அவள் ஆடித் தீர்த்துவிட்டாள். எங்களோடு வந்துவிடுங்கள் என்று எத்தனை முறை கூப்பிட்டாலும், "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான் பாப்பா" என்று தட்டிக்கழித்தார்.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடுவோம்" என்றாள் வந்ததும் வராததுமாக. "இவரு ஜெயிச்சா நீங்க நம்ம வீட்டுக்கு வர்றீங்க. நீங்க ஜெயிச்சா இதப் பத்தி நான் வாயே தொறக்கல."

மகளின் அழைப்பில் அவருக்குச் சந்தேகம் இல்லை. உறுத்தியது மாப்பிள்ளைதான். "வந்து இருங்க மாமா" என்று அவரும் சொன்னார். ஆனால் ஆட்டத்தில் "நீங்க வாங்க மாமா" என்பாரே, அதே குரலில் சொன்னார். அந்தக் குரலை நம்பி ஒரு மனிதன் மூட்டை கட்டலாமா? பெண்டாட்டிக்காக ஒப்புக்குக் கூப்பிடுகிறவர் வீட்டில், இருமுவதற்குக்கூட யோசித்துக்கொண்டு காலம் தள்ளுவதற்கு முழங்கால் வலியே மேல். அதனால் ஜெயித்துவிடுவதென்று முடிவு செய்திருந்தார். மாப்பிள்ளைதான் எப்படியும் விட்டுக்கொடுத்துவிடுவாரே.

நரிக்காரியைப் பாலத்தின்மேல் வைத்தார்.

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பூதத்தை நேராக அவள்மேல் ஏவினார். பகடை உருண்டது. நரிக்காரி ஒன்பது வாலோடு மேசையை விட்டு வெளியேறினாள். "மன்னிச்சுக்குங்க மாமா" என்று ஒரு வார்த்தை இல்லை. மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து வில்லாளிகள் கிளம்பினார்கள். புருவம் வரைந்து வளர்த்த சாமுராய்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று இருந்த பூனை, பானையையே உருட்டிக்கொண்டிருந்தது. மாமனாருக்கும் சூடு ஏறிவிட்டது. விழுந்தவர்கள் போக மிச்சமிருந்தவர்களைத் திரட்டிக்கொண்டு வில்லாளிகளைத் துவம்சம் செய்தார். மகள் வைத்துவிட்டுப் போன டீ இரண்டு பக்கமும் ஆறிக்கொண்டிருந்தது.

கடைசியில் பாலத்தில் பூதம் ஒன்றுதான் நின்றது. அதைத் தடுக்க இவர் பக்கம் குடைக்காரன் ஒருவன்தான் மிச்சம். அவன் பாலத்தை எட்ட இரண்டு விரல் தூரம் குறைந்தது. மாமனார் டீயை எடுப்பவர்போலக் கையை நீட்டி, முழங்கையால் அவனைக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், முன்னால் தள்ளினார்.

"யோவ்! போங்காட்டம் ஆடாதய்யா!"

மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். பொம்மை நகரும் தூரத்தை அளக்கிற இரும்பு டேப் கையில் விரிந்திருந்தது. சொன்னது காதில் விழுந்ததும் அவர் முகம் பூதத்தைவிடச் சிவந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"மாமா... அது வந்து, வாய் தவறி..."

மாமனார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னிடம் இப்படிக் கத்துவதற்கு, மனைவி போன பிறகு, இந்த வீட்டில் ஆள் இல்லை. ஒப்புக்குக் கூப்பிடுகிறவன் எவனாவது இரண்டு விரல் தூரத்துக்கு இப்படிச் சண்டைக்கு வருவானா? முதலில் தோள் குலுங்கியது, பிறகு சிரிப்பு வெடித்தது, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

"தள்ளுனேன்தான், ஒத்துக்கறேன்" என்றார். "பின்னாடி வெச்சுட்டேன் பாருங்க. அங்கேருந்தே குடைய வீசறான். ஆறு விழுந்தா உங்க பூதம் ஆத்துல. பகடை எங்க?"

"அது எங்கியோ உருண்டுடுச்சு. பெட்டியில இன்னொண்ணு இருக்கு மாமா. மேல் தட்டத் தூக்கிப் பாருங்க."

மாப்பிள்ளையின் பெட்டிக்குள் ஒவ்வொரு பொம்மையும் அடிபடாமல் உட்காரப் பஞ்சுத் தட்டில் குழி வெட்டியிருக்கும். அது மாமனாருக்குத் தெரிந்ததுதான். மேல் தட்டைத் தூக்கினார். அடியில் புதிதாக இன்னொரு தட்டு இருந்தது, குழிகள் எல்லாம் காலி. பிளேடால் கையாலேயே வெட்டியது, ஓரங்கள் பிசிறியிருந்தன. நடுவில் ஒரு பெரிய குழி, ஒரு பக்கம் விசிறிபோல அகன்று, அதில் ஒன்பது சின்ன வெட்டு.

"இத எப்ப பண்ணீங்க?"

"கால்ல அடிபட்டுச்சுன்னு கேள்விப்பட்ட அன்னிக்கே" என்றார் மாப்பிள்ளை, டேப்பைச் சுருட்டியபடி. "இவங்கள கவர்ல போட்டு நம்ம வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாதே மாமா."

மாமனார் தட்டின் மூலையில் கிடந்த பகடையை எடுத்து உருட்டினார். அது துணி ஆற்றின் மடிப்பில் போய் நின்றது.

"என்ன விழுந்துச்சு?" என்று உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

யாரும் பார்க்கவில்லை. குடைக்காரனைத் தூக்கி ஓரத்துக் குழியில் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் மாமனார். உடம்பு கச்சிதமாக உட்கார்ந்தது, குடை மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை குனிந்து, அந்த இடத்தில் பேனாவால் ஒரு சின்ன வட்டம் போட்டார்.