முந்திக்கொண்ட பழைய மெஷின்

சல்லடை என்றுதான் நண்பர்கள் அவளைக் கூப்பிடுவார்கள். அவளும் கணவனும் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, சி என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு லைப்ரரியை, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, பராமரித்துவந்தார்கள். ஃபைலை யார், எப்போது, எப்படி மாற்றினாலும் பழைய வடிவம் ஒன்றுகூடத் தொலையாமல் காப்பது அதன் வேலை. ஒருவர் எழுதுவதை மற்றவர் சலிப்பார். எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் லேசாக முணுமுணுத்தால்கூட அவள் சேர்க்கவிடமாட்டாள். கட்டின புருஷன் எழுதியது என்பதற்காகத் தப்பு சரியாகிவிடுமா என்பாள்.

அன்று மாலை ஒரு பெரிய நிறுவனம் அழைப்பதாக இருந்தது. எல்லா மெஷின்களிலும் சோதனை தேறிப் பச்சை காட்டினால் லைப்ரரியை எடுத்துக்கொள்வார்கள். இருவரும் இதே வேலையில் காலம் தள்ளலாம். இல்லாவிட்டால் கணவன் மறுபடி வெளியூர் வேலைக்குப் போகவேண்டும். முன்பே சில வருஷங்கள் அப்படிப் பிரிந்து இருந்தவர்கள்தான்.

மேஜைக்கடியில் சோதனை மெஷின்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று அரதப்பழசு. ஓர் எண்ணை நாலு பைட்டாக, அதாவது நாலு துண்டாக, நினைவில் வைக்கும்போது மற்றவை கடைசி பைட்டை முதலில் வைத்தால், இது முதல் பைட்டையே முதலில் வைக்கும். எங்கே எழுதியதையும் எங்கேயும் படிக்கமுடிய வேண்டுமென்றால், இப்படி முரண்டு பிடிக்கிற ஆள் ஒன்று வீட்டில் வேண்டும் என்று அவள்தான் கேட்டு வாங்கிவந்தாள். ஆமை வேகம். மற்றவை முடித்து, இவர்கள் காபி குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

அன்று காபி ஆறுவதற்குள் அது முடித்துவிட்டது.

“எல்லாம் பச்சை. நிம்மதியா இரு” என்றான் கணவன்.

நொண்டிக் குதிரை முந்தினால் கைதட்டுகிற ஆளில்லை அவள். காலையில் அவன் அவளிடம் காட்டாமல் அவசரமாகச் சேர்த்த வரிகளைத் திறந்து பார்த்தாள்.

“என்னங்க, பழசுல மட்டும் ஃபைலைப் படிக்கிற பெரிய சோதனை ஓடவேண்டாம்னு எழுதியிருக்கீங்க?”

அவன் கண்ணாடியைத் துடைத்தான். “நாலு பைட்டையும் ஒரே வாயா படிச்சா நல்ல வேகம் வருது. அதுல மட்டும் தலைகீழா வருது. அந்த மாதிரி மெஷினை இன்னைக்கு எவன் வச்சிருக்கான்?”

“பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடுமா?”

“நான் மறுபடி பெட்டி கட்டணுமா? அதுக்குப் பயந்துதான் பண்ணேன்.”

அவளுக்குக் கோபம் வந்தது, கூடவே பாசமும் வந்து தொலைத்தது. ஆனாலும் அந்த வரியை அழித்துவிட்டுச் சோதனையை ஓடவிட்டாள். அழைப்பு வரும் நேரத்துக்குப் பழசு சிவப்பாக நின்றது.

திரையில் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறியாளரான ஓர் அம்மா வந்தார். இவளே ஆரம்பித்தாள்.

“ஒரு மெஷின்ல தப்பு வருது மேடம். வேகத்துக்காக ஒண்ணு மாத்தினோம், அது அங்க பொருந்தல. அதுல சோதனையையும் அணைச்சு வச்சிருந்தோம். அப்படி அணைச்ச வரியை இப்ப எடுத்துட்டேன். ஒவ்வொரு பைட்டா எடுத்துக் கோத்தா எல்லாத்துலயும் சரியா வரும். வேகம் என்ன ஆகும்னு அளந்துட்டுத்தான் சொல்லுவேன்.”

“நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே.”

“யாராவது தன்னோட பழைய ஃபைலைத் தேடற வரைக்கும் தெரிஞ்சிருக்காது.”

“அது சரி. ரெண்டு பேரும் சேர்ந்தே அணைச்சீங்கன்னா, உங்களைச் சரிபாக்கிறது யாரு?”

நியாயமான கேள்வி. அவள் உதட்டைக் கடித்தாள். தன் பிழையைக் கம்பைலர் தலையில் கட்டியே பழகின கணவன், நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டான்.

“அவ இல்லைங்க. அணைச்சது நான். அவகிட்ட காட்டவும் இல்லை. எனக்காகத்தான் ‘நாங்க’ன்னு சொல்றா.”

அந்த அம்மா எதையோ எழுதிக்கொண்டார். 

“அடுத்த வாரம் பேசுவோம். சரிபண்ணி அனுப்புங்க. ஆனா, பச்சைன்னு சொல்றது உங்க மனைவியா இருக்கணும். அவங்க சொன்னா எங்க ஆளுங்க மறுபடி பாக்கமாட்டாங்க, நேரா ஒப்பந்தத்துல கையெழுத்துதான்.”

திரை அணைந்தது. கணவன் அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

“எழுதுங்க, நான் பாக்கிறேன்” என்றாள்.