மில்லர்ஸின் முதல் கூடை

ஹார்ட்வெல் ஊருக்கென்று ஒரு கூடைப்பந்து அணி இருந்ததே இன்று பாதிப்பேருக்குத் தெரியாது. 1948இல் பள்ளிக்கூட ஆடுகளத்தில் தொடங்கிய மில்லர்ஸ் அணியை ஒன்பதாவது வருடம் முதலாளி விற்றார். வாங்கியவர்கள் அதை மேற்கே கொண்டுபோனார்கள். ஆட்டக்காரர்களில் ரே பிலார்ஸ்கியைக் கூட்டிப் போனார்கள். கிளெம் டுவோரக்கை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ரே அங்கே இரண்டு கோப்பை வென்றார். கிளெம் ஹார்ட்வெல்லிலேயே முப்பது வருடம் தபால் கொடுத்தார்.

அணி மூன்றாவது நகரத்துக்கு மாறி, ஐம்பதாம் ஆண்டுக்கு வரலாற்றுப் புத்தகம் போட முடிவு செய்தது. எழுதும் பொறுப்பில் இருந்த ஜோனெல் என்ற பெண் கிளெமைத் தொலைபேசியில் அழைத்தாள். நம்மையும் நினைத்துக் கேட்கிறார்களே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒரு மணி நேரமும் அவள் கேட்டதெல்லாம் ரேவைப் பற்றித்தான். ரே எப்படிக் குறிபார்ப்பார், என்ன சாப்பிடுவார், பஸ்ஸில் பாடுவாரா. கிளெமுக்கு உள்ளே புகைந்துகொண்டே இருந்தது.

கடைசியாக, பழைய ஆட்டக் கணக்குத் தாள்கள் தீயில் போய்விட்டன, அணியின் முதல் ஆட்டத்தில் பந்தை வளையத்துக்குள் விட்டு முதல் கூடையைப் போட்டது யார் என்று கேட்டாள்.

"நான்தான்," என்றார் கிளெம்.

புத்தகம் வந்தது. மனைவி வெர்னா கிளெம் பெயர் இருந்த பக்கத்தை அக்கம்பக்கம் முழுக்கக் காட்டினாள். மூன்றாம் நாள் ரேவிடமிருந்து அழைப்பு.

"படிச்சேன்டா கிளெம். அது யார் போட்டதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பரவால்ல, நீயே வச்சுக்க. எங்கிட்டதான் பன்னிரண்டாயிரம் பாயிண்ட் கெடக்கே."

குத்தலாகச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் கிளெம். நாற்பது வருடம் பொருமியதற்குக் கடைசியில் ரே போட்ட பிச்சைதானா கிடைக்க வேண்டும்? இரண்டு நாள் சோறு தண்ணி இறங்கவில்லை. பிறகு, வெர்னா பக்கத்தில் இருக்கும்போதே ஜோனெலை அழைத்து, தான் சொன்னது பொய், அது ரே போட்ட கூடை என்றார்.

 அவள், அப்படியானால் ரேவுக்குப் பந்தைக் கொடுத்தது நீங்களா சார் என்று கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். உண்மையில் பந்தைக் கொடுத்த சக ஆட்டக்காரன் நோவக் செத்துப் பதினைந்து வருடமாகிறது.

"இல்லம்மா. நோவக் குடுத்தான். நான் வெளியில பெஞ்சுல உக்காந்திருந்தேன். ரே கூடை போட்டதும் ஊரே எந்திரிச்சுக் கத்துச்சு. எனக்கு அப்பவே வயிறு எரிஞ்சுது."

"இதையும் போடலாமா சார்?"

கிளெம் வெர்னாவைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போட்டுக்கம்மா," என்றார்.

இரண்டாம் பதிப்பில் கிளெம் பெயர் வருவது அந்த ஓர் இடத்தில்தான்.