லைனிங்குக்குள் இருந்த கொக்கு

அக்தர் பானுவுக்குத் தாராவியில் தோல் பைகளுக்கு லைனிங் தைக்கிற தொழில். கைவேலை சுத்தம் என்று பெயர் இருந்ததால், யாரோ சொல்லி, மாட்டுங்கா விஜயலட்சுமி அம்மாளின் கம்பளி ஓவியம் அவளிடம் வந்து சேர்ந்தது.

அது கையால் நெய்து சுவரில் தொங்கவிடுகிற ஓவியம். ஒரு கொக்கு, அதற்கு மேல் பெரிய சூரியன். பழைய பம்பாயில் பேர்பெற்ற நவீன ஓவியர் ஒருவர் வரைந்துகொடுக்க, ஆறே ஆறு பிரதி நெய்தார்களாம். அதில் ஒன்று அம்மாளின் கணவர் வெங்கடராமன் வேலைபார்த்த கம்பெனியில் இருந்தது. ஆபீஸைப் புதுப்பித்தபோது சுருட்டி மூலையில் போட்டதை அவர் கேட்டு வாங்கிவந்துவிட்டார். நாற்பது வருஷம் வீட்டு ஹாலில் தொங்கியது. அவர் காலமாகி இரண்டு வருஷம். அம்மாள் இப்போது தாணேயில் மகள் வீட்டோடு இருக்கப்போகிறார். அங்கே இதைத் தாங்குகிற அளவுக்குச் சுவர் இல்லை. அதனால் ஏலத்தில் விற்றுவிட முடிவுசெய்திருந்தார். ஏலக்காரர்கள், இற்றுப்போன லைனிங்கை மாற்றிவையுங்கள், வந்து பார்த்து எடுத்துப்போகிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

மேஜையில் விரித்து ஓர் ஓரத்துத் தையலைப் பிரித்ததும் பானுவின் கை நின்றுவிட்டது. வெளியே சாயம் போன செங்கல் மாதிரி இருந்த சூரியன் உள்ளே குங்குமமாகச் சிவந்திருந்தது. மூலையில் எறும்பு ஊர்ந்த தடம்போல் கோணலாகத் தெரிந்த கறுப்புக் கோடு, உள்பக்கம் ஓவியரின் கையெழுத்தாக, வருஷத்தோடு நேராக இருந்தது. நூல்முனை தெரியாமல் இரண்டு பக்கமும் சுத்தமாக நெய்திருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முகத்தின்மேல் லைனிங்கைத் தைத்து, முதுகைத்தான் இத்தனை காலமும் பார்த்திருக்கிறார்கள்.

கூடவே வேலைசெய்யும் மகன் பைசான், இருந்தபடியே தைத்துக் கொடுத்துவிடலாம், நாளைக்கு ஏதாவது வம்பு, லஃப்டா என்றால் நம் தலையில்தான் விழும் என்றான். பானுவுக்கு மனசு ஒப்பவில்லை. போனில் சொல்கிற விஷயமாகவும் தோன்றவில்லை. நேரில் ஒரு தடவை வந்து பார்க்கச் சொன்னாள்.

மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் ரயில் பாதைதான். ஆனாலும் அம்மாள் தாராவிக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. படியேறி வந்து மூச்சுவாங்க உட்கார்ந்தார்.

"அம்மா, யாரையும் குத்தம் சொல்லுதேன்னு நெனைக்காதீங்க. முன்னாடி லைனிங் தைச்சவங்க பக்கத்த மாத்தித் தைச்சிட்டாங்க," என்றாள் பானு.

அம்மாள் குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தார். லைனிங்கின் பழைய தையலை விரலால் தடவினார்.

"தைச்சது நான்தான்," என்றார்.

கல்யாணமான புதிது. தையல் தெரியும் என்று புக்ககத்தில் காட்ட ஆசை. ஒரு வாரம் உட்கார்ந்து தைத்தாராம். வெங்கடராமனுக்கு அதில் அவ்வளவு பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கறுப்புக் கோட்டைக் காட்டி, இதுதான் ஆறு, கொக்கு அதைத் தேடிப் போகிறது என்று விளக்குவார். சில வருஷம் கழித்து ஓர் எக்ஸிபிஷனுக்குத் தனியாகப் போய்வந்தார். அங்கே இதே ஓவியத்தின் இன்னொரு பிரதி இருந்ததாம். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, நம்மாத்துல இருக்கறதுதான் அழகு என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் அந்த ஆற்றைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. லைனிங்கைப் பிரித்துத் துவைக்கட்டுமா என்று அம்மாள் கேட்கும்போதெல்லாம், தொடாதே, நன்னாத்தான் இருக்கு என்று தடுத்துவிடுவார்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு, பானு. நான் தைச்சதுங்கறதாலே சொல்லாமலே இருந்துட்டார்."

பானு தண்ணீர் கொடுத்தாள். பிரிக்காமலே இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரியான பக்கமாகவே தைத்துவிடச் சொன்னார்.

நாலாம் நாள் பானுவும் பைசானும் கொண்டுபோய் அதே ஹாலில் மாட்டினார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த கொக்கு இப்போது சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தது. அம்மாள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இதை விட்டுப் பிரிய வேண்டுமே என்று அம்மா இரண்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று தாணேயிலிருக்கும் அவர் மகள், பானுவிடம் போனில் சொல்லியிருந்தாள். அதனால் பானு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா எங்கூட இருந்தது இது இல்லை," என்றார் அம்மாள். குரலில் வருத்தம் இல்லை. "எடுத்துண்டு போகட்டும்."

மறுநாள் காலை ஏலக்காரர்கள் வந்தார்கள். இறக்கிக்கொடுக்கப் பானுவும் வந்திருந்தாள். நிறம் நேற்று நெய்தமாதிரி இருக்கிறதே, எப்படிப் பாதுகாத்தீர்கள் என்று ஆச்சரியப்பட்டார்கள். வெயில் படாமல் என் கணவர் பார்த்துக்கொண்டார் என்று அம்மாள் ஹிந்தியில் பதில் சொன்னார். அவர்கள் அதைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போனதும், கிளம்ப எழுந்த பானுவை அம்மாள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். காபி வந்தது. வெங்கடராமனைப் பற்றி, கல்யாண நாளிலிருந்து தொடங்கினார். கடையில் வேலை கிடந்தது. பானு காலை மடக்கி வசதியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.