ஒற்றைச் சக்கரத் தூளி

மேடையில் ஏறியதிலிருந்தே கிருஷாந்திக்கு எல்லாமே எரிச்சலாக இருந்தது. நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டல் மண்டபம். முன்வரிசை முழுக்கக் கோட்டுப் போட்ட ஆட்கள். பின்னால் 'மலையகத்தின் புதுமைக் கரங்கள்' என்று பேனர். சீக்காளிகளைத் தூக்கிப்போக அவள் செய்த ஒற்றைச் சக்கரத் தூளியைத் துடைத்துப் பளபளப்பாக்கி, சந்தனப் பொட்டு வேறு வைத்திருந்தார்கள். பொட்டு வைத்த கை ஒருநாளாவது ஒரு சீக்காளியைச் சுமந்திருக்குமா என்று கேட்க நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டாள். இன்றைக்கு ஒருநாள் அடக்கித்தான் ஆகவேண்டும்.

எல்லாம் ரோட்டுக்காக. அவர்களுடைய தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன் லய வீடுகளுக்கு எந்த வண்டியும் வராது. கொழுந்து லொறி நிற்கும் இடத்துக்கு இறங்கிப்போக ஒற்றையடிப் பாதையும் பாசி பிடித்த படிகளும்தான். யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியில் கிடத்தி, இரண்டு முனையையும் மூங்கிலில் கட்டி, ஆம்பிளைகள் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அதற்குத்தான் தூளி என்று பெயர். ரோடு கேட்டுக் கேட்டு அந்த டிவிஷனுக்கே தொண்டை வற்றிவிட்டது. போன வாரம் தோட்டத்து மனேஜர் தொரை, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னிலையிலும் சொன்னார்: "கிருஷாந்தி அந்தச் சக்கரத் தூளியோட விழாவுக்கு வரட்டும். ரோட்டு விசயத்த நான் மேடையிலயே சொல்றேன்." அந்தப் பேச்சை நம்பித்தான் வந்திருந்தாள்.

அறிவிப்பாளர் ஷாமிலா, சிரித்த முகமான இளம்பெண், மைக்கை நீட்டினாள்.

"அக்கா, இப்படி ஒண்ண செய்யணும்னு ஒங்களுக்கு ஊக்கம் குடுத்தது யாரு?"

ஊக்கமாம். கிருஷாந்திக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோதே அவளுக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. நாலு பேர் கம்பளித் தூளியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். படியில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. அவள் வயிறு அடிபடக் கீழே விழுந்தாள். எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தால், லொறியில் பாதிக் கொழுந்துதான் ஏற்றியிருந்தார்கள். "கொழுந்து முழுக்க ஏத்திட்டுப் போவோம். மூட்டையில கெடந்தா சூடேறிக் கெட்டுப்போயிரும்" என்றார் கணக்கப்பிள்ளை. பச்சைக் கொழுந்துக்கு அவசரம். பிள்ளை பெறப்போகிறவள் காத்திருக்கலாம். மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டே அவள் முதலில் பெக்டரிக்குப் போனாள், பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு. பிள்ளை செத்தே பிறந்தது. 'ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க' என்று நர்ஸ் அவளைத்தான் ஏசினாள்.

லிந்துலையில் சிப்னாஸ் நானாவின் வெல்டிங் கடைக்கு அவள் போய் நின்றது அதற்குப் பிறகுதான். பழைய மோட்டார்சைக்கிள் சக்கரம் ஒன்று, இரும்புக் குழாய், லொறி மூடும் படங்குத் துணி, இடுப்புக்கும் மார்புக்கும் வார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்தால் போதும், பாரத்தைச் சக்கரம் வாங்கிக்கொள்ளும். இரண்டு தடவை வளைந்து உடைந்தது, மூன்றாவது நின்றது.

"இத யாரு ஒங்களுக்குச் சொல்லித் தந்தது தங்கச்சி?" என்று சிப்னாஸ் நானாவும் அன்றைக்குக் கேட்டார்.

"அந்தக் கொழுந்து லொறிதான் நானா" என்றாள். அவர் கூலி வாங்கவில்லை.

இதையெல்லாம் இந்த மண்டபத்தில் சொல்லமுடியுமா. 'தொரைதான் ஊக்கம் குடுத்தாருன்னு சொல்லு, மத்தத அவரு பாத்துக்குவாரு' என்று ஒப்பீஸ் கிளார்க் வேனில் வரும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். மேல் டிவிஷனில் இப்போது இரண்டு பெண்கள் நிறைமாதம். அவர்களை நினைத்துக்கொண்டாள்.

"எங்க தொரைதாங்க" என்றாள். சொன்ன வாய் கசந்தது.

மண்டபம் கைதட்டியது. தொரை எழுந்து வந்து, அவள் தோளைத் தட்டிவிட்டு மைக்கை வாங்கினார். சிங்களத்தில் பேசினார். கிருஷாந்திக்குச் சிங்களம் நன்றாகவே புரியும்.

மேல் டிவிஷன் மக்கள் வெகுநாளாக ரோடு கேட்கிறார்கள் என்று தொடங்கினார். கிருஷாந்தி நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் பாருங்கள், என்றார். நம் தோட்டத்துப் பெண்ணே வழி கண்டுபிடித்துவிட்டாள். இனி ரோட்டுக்கு அவசரமே இல்லை. எல்லா டிவிஷனுக்கும் இதேபோல ஒவ்வொன்று செய்து கொடுக்கப்போகிறோம்.

இந்தத் தடவை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. கோட்டுப் போட்டவர்கள் எழுந்து நின்றே தட்டினார்கள். கிருஷாந்திக்கு அப்போதுதான் உறைத்தது. தன் கையாலேயே தங்கள் ரோட்டை அடைத்துவிட்டு, போதாக்குறைக்கு அந்த மனுஷனுக்கு நன்றியும் சொல்லியிருக்கிறாள்.

தொரை கையிலிருந்த மைக்கை அவள் வாங்கினாள். கேட்டு வாங்கவில்லை.

"நான் சொன்னது பொய்யிங்க. எனக்கு யாரும் ஊக்கம் குடுக்கல. எம் பிள்ள செத்துச்சு, அந்த ஆத்திரத்துல செஞ்சது இது. ரோடு வந்தா மறுநாளே இத ஒடச்சு பழைய இரும்புக்குப் போட்டுறணும்னு நெனச்சுத்தான் செஞ்சேன். ரோடு வேணாம்னு சொல்றதுக்கு செய்யல."

மண்டபத்தில் யாரும் தட்டவில்லை. தொரை மெதுவாகச் சிரித்து, கிளார்க்கைத் தேடி மேடைக்குக் கீழே பார்த்தார்.

கிருஷாந்தி தூளியின் அருகே போனாள். மார்பு வாரையும் இடுப்பு வாரையும் அவிழ்த்து விரித்தாள்.

"இது போதும்னு சொன்னீங்களே தொரை. ஏறிப் படுங்க. இந்தா, படிக்கட்டு இங்கயும் இருக்கு. நானும் ஒங்க கிளார்க்கும் புடிச்சுக் கீழ எறக்குறோம். இடுப்புவலியோட போறதா நெனச்சுக்கங்க."

தொரை சிரிப்பை நிறுத்திவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"பயப்படாதீங்க" என்றாள் கிருஷாந்தி. "எங்க பொம்பளைங்க இதுலதான் போறாங்க."